கூட்டுக் கமமும் குடும்ப நீதியும்



புனித லூக்காஸ் எழுதிய நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் ஒரு மனிதன் வருகிறான். அவன் பெயரோ ஊரோ சொல்லப்படவில்லை. ஆயிரக்கணக்கான மக்கள் நெருக்கியடித்து நின்று ஆண்டவரின் போதனையைக் கேட்டுக்கொண்டிருக்கையில், அவனுடைய மனம் மட்டும் வீட்டுக் காணியிலேயே நிற்கிறது. தன் சகோதரன் முதுசத்தைப் பங்கிட்டுத் தரவில்லை என்றும், அவனுக்குப் புத்தி சொல்லவேண்டும் என்றும் ஆண்டவரிடம் முறையிடுகிறான். யேசுவோ அந்த வழக்கை ஏற்க மறுத்துவிடுகிறார். பாகம் பிரித்துக் கொடுக்கும் வேலைக்குத் தாம் நியமிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு, பேராசையைக் குறித்து எல்லோரையும் எச்சரிக்கிறார்.

இந்த மனிதனை யாழ்ப்பாணத்துப் பங்குக் குருமார் நன்றாக அறிவார்கள். ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு கோவில் வாசலில் தயங்கித் தயங்கி நிற்பவன் அவனே. "சுவாமி, அண்ணரோடை ஒருக்காக் கதையுங்கோ, உங்கடை சொல்லைத்தான் கேட்பார்" என்பான். சில வேளை வருவது தங்கச்சியாக இருக்கும். சில வேளை கணவனை இழந்த மச்சாளாக இருக்கும். கிணற்றுப் பங்கு, வாய்க்கால், வேலி, விற்ற வெங்காயத்தின் கணக்கு என்று காரியம் மட்டும் மாறுவதில்லை.

ஆண்டவர் ஏன் மறுத்தார்? நீதி அவருக்குப் பெரிதல்ல என்பதாலா? அப்படி எண்ணலாகாது. சண்டை சந்திக்கு வந்த பின்பு அது காணிச் சண்டையாக இருப்பதில்லை. இரண்டு நெஞ்சிலும் கசப்பு வேர்விட்டுவிடுகிறது. அதன் பிறகு யார் வந்து கயிறு பிடித்து அளந்து கொடுத்தாலும் ஒரு முழம் குறைந்ததாகவே இருவருக்கும் தோன்றும். ஆகவே காணியைப் பற்றிப் பேசவேண்டிய காலம் அதுவல்ல. பகை முளைக்கு முன், ஐயாவும் அம்மாவும் உயிரோடிருக்கையில், வீட்டு விறாந்தையில் பாயை விரித்துப் பேசவேண்டிய பேச்சு அது. அதைப் பற்றியே இவ்வாரம் சிந்திப்போம்.

நம் பக்கத்தில் நடப்பது என்ன? ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஐயாவுக்கு வலிகாமத்துச் செம்மண்ணில் 12 பரப்புத் தோட்டம். நடுவில் ஒரு கிணறு. பிள்ளைகள் மூவர். மூத்தவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஐயாவோடு மண்வெட்டி பிடித்தவன். இரண்டாமவன் வெளிநாடு போய்ப் பணம் அனுப்பினான். தண்ணீர் இறைக்கும் மெசினும் உழவு மெசினும் அவன் காசில் வந்தவை. மகள் கலியாணம் முடித்துப் பக்கத்து ஊரில் இருக்கிறாள். ஐயா கண்ணை மூடிய பின் மூவரும் சேர்ந்தே கமம் செய்வோம் என்று ஒத்துக்கொள்கிறார்கள். பிரிப்பது பாவம் என்று அம்மா அழுகிறாள். எழுத்தில் ஒன்றுமில்லை. "நாங்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், எங்களுக்குள் என்ன கணக்கு?" என்கிறார்கள்.

ஐந்தாறு போகம் கழிகிறது. வெயிலிலும் பனியிலும் நின்றவன் நான், எனக்கு இவர்களுடைய அளவுதானா என்று மூத்தவன் நினைக்கிறான். என் காசில்லாவிட்டால் கிணற்றடியில் இன்னும் துலாதான் நின்றிருக்கும் என்று இரண்டாமவன் நினைக்கிறான். என்னுடைய நாலு பரப்பிலும் விளைகிறது, என் பிள்ளைகளுக்கு ஒரு பிடி வெங்காயமும் வரவில்லை என்று மகள் நினைக்கிறாள். மூவரும் சொல்வது உண்மையே. ஒருவரும் கள்ளரல்லர். அப்படியிருந்தும் அடுத்த பெருநாளுக்கு மூவரும் ஒரே வாங்கிலில் அமரமாட்டார்கள்.

ஊதாரி மைந்தனின் உவமையை நாம் அடிக்கடி கேட்கிறோம். போனவன் திரும்பி வந்ததைப் பற்றியே பெரும்பாலும் பிரசங்கம் நடக்கும். வயலில் நின்ற மூத்தவனைப் பொறாமைக்காரன் என்று இரண்டு வசனத்தில் தள்ளிவிடுவோம். ஆனால் அவன் சொல்வதைச் சற்று நின்று கேளுங்கள். இத்தனை ஆண்டு உழைத்தும் நண்பரோடு கூடி மகிழ ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தனக்குத் தரப்படவில்லை என்கிறான். தந்தையின் பதில் என்ன? தம்முடையதெல்லாம் அவனுடையதே என்கிறார். உவமையின் தொடக்கத்திலேயே அவர் சொத்தை இருவருக்கும் பகிர்ந்துவிட்டார் என்று புனித லூக்காஸ் எழுதியிருக்கிறார். அப்படியானால் மூத்தவனுக்கு உரியது அவனுக்கு உண்டு. அது அவன் கைக்கோ காதுக்கோ எட்டவில்லை! உரிமை இருந்தது, கணக்கு இல்லை. அன்பு இருந்தது, பேச்சு இல்லை. அவனுடைய கோபத்தை ஆண்டவர் சரியென்று சொல்லவில்லைதான். ஆனாலும் தந்தையே விருந்தை விட்டு வெளியே வந்து அவனைக் கெஞ்சி அழைக்கிறார் என்பதை மறந்துவிடலாகாது.

நமது கூட்டுக் கமங்களில் குழப்பம் வருவதற்கு ஒரே காரணத்தைச் சொல்லச் சொன்னால், மூன்று வேறு பொருட்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம் என்பதையே சொல்லவேண்டும். மண் ஒன்று, வியர்வை ஒன்று, காசு ஒன்று. மண்ணுக்கு உரியவர் ஒருவராகவும், வியர்வை சிந்தியவர் இன்னொருவராகவும், காசு போட்டவர் வேறொருவராகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பலன் உண்டு. தனித்தனியாகக் கொடுத்தால்தான் எவருக்கும் அநீதி நேராது.

இலக்கத்தில் காட்டினால் விளங்கும். மேலே சொன்ன 12 பரப்பில் ஒரு போக வெங்காயம் 9 இலட்சம் ரூபாய்க்கு விற்றதென்று வைத்துக்கொள்வோம். விதை வெங்காயம், எரு, மருந்து, மின்சாரம், கூலி ஆட்கள் எல்லாமாக 4 இலட்சம் போயிற்று. கையில் நிற்பது 5 இலட்சம். இதைச் சரி மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு இலட்சத்து 66 ஆயிரம் சொச்சம். மூத்தவனுக்கு இது அநீதி. எல்லாவற்றையும் மூத்தவனே வைத்துக்கொண்டால் மற்ற இருவருக்கும் அநீதி. இப்போது வேறு விதமாகப் பார்ப்போம். மூத்தவன் நின்ற நாள் 90. ஊரில் ஓர் ஆளுக்குக் கொடுக்கும் நாட்கூலி 2,500 என்றால் அவனுடைய வியர்வைக்கு 2,25,000. இரண்டாமவனுடைய மெசின்களுக்கு வாடகை 25,000. அடுத்த போகத்துக்கும் திருத்த வேலைக்குமாகப் பொதுவில் 40,000. மிஞ்சுவது 2,10,000. இதுவே மண்ணின் பலன். மூவருக்கும் நாலு நாலு பரப்பு ஆகையால் ஆளுக்கு 70,000. ஆக மூத்தவன் 2,95,000 பெறுகிறான், இரண்டாமவன் 95,000 பெறுகிறான், மகள் 70,000 பெறுகிறாள். மூன்று பேரும் மூன்று தொகை பெற்றார்கள். ஆனாலும் ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

உறவுக்குள் கூலி பேசுவது வெட்கம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யாக்கோபு தன் தாய்மாமன் லாபானின் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் சும்மா வேலை செய்கிறான். உறவினன் என்பதற்காக நீ எனக்கு இலவசமாக உழைப்பதா, கூலியைச் சொல் என்று லாபானே கேட்கிறான். பின்னாளில் மருமகனைப் பலவாறு ஏய்த்த லாபான், அன்று அந்தக் கேள்வியைச் சரியாகவே கேட்டான். கேட்டதை அவன் காப்பாற்றவில்லை என்பதே கேடு. இருபது ஆண்டில் பத்துத் தடவை கூலியை மாற்றினான் என்று யாக்கோபு குறைகூறுகிறான். பேசிய கூலியை அறுவடை நாளில் மாற்றுகிற லாபான்கள் நம் ஊரிலும் இல்லாமலில்லை.

வியர்வை என்றால் ஆண்களுடைய வியர்வை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மிளகாய்ப் பழம் ஆய்வது யார்? வெங்காயம் பிடி கட்டுவது யார்? புல்லுப் பிடுங்குவது யார்? வேலையாட்களுக்குத் தேநீரும் சோறும் கொண்டுபோவது யார்? அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். கணவன் இருக்கும்வரை அவளுடைய உழைப்புக் கணவனுடைய பெயரில் போகிறது. அவன் இறந்தால் மறுநாளே அவள் "பிறத்தியாள்" ஆகிவிடுகிறாள். இதைப் போல் எரிச்சல் மூட்டும் அநீதி கூட்டுக் கமத்தில் வேறொன்றில்லை. அவளுடைய நாட்களையும் கொப்பியில் எழுதுங்கள், அவளுடைய பெயரிலேயே எழுதுங்கள்.

நட்டம் வந்தால் என்ன செய்வது? அறுவடை நேரத்தில் வெளிநாட்டு வெங்காயம் வந்து இறங்கி விலை சரிவதை நம் கமக்காரர் பார்த்திருக்கிறார்கள். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைபோயின. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது அதே தோட்டங்கள் தத்தளித்தன. ஆகவே நல்ல போகத்துக்கு மட்டும் பேசிவைப்பது போதாது. அதே காணியில் 5 இலட்சந்தான் கிடைத்தது, செலவு போக ஒரு இலட்சமே மிச்சம் என்றால், அது முதலில் வியர்வைக்கே போகவேண்டும். மண்ணின் சொந்தக்காரர் அந்தப் போகத்துக்குப் பொறுத்துக்கொள்ளட்டும். உழைத்தவனுக்கு வரவேண்டிய மீதி, கமம் அவனுக்குப் பட்ட கடனாக எழுதப்படட்டும். கூலியைப் பொழுது படுமுன் கொடுக்கச் சொல்லும் உபாகமமும், பிடித்துவைத்த கூலி வானத்தை நோக்கிக் கதறுகிறது என்னும் புனித யாகப்பரும் அண்ணன் தம்பிக்கென்று விலக்கு எதுவும் வைக்கவில்லை.

கிணற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. நிலத்தடி நீரே உயிர். பழைய உறுதிகளில் காணியின் அளவோடு கிணற்றில் பங்கும், தண்ணீர் போகும் வழிவாய்க்காலும், நடக்கும் பாதையும் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் முன்னோர் காரணமில்லாமல் அப்படி எழுதவில்லை. ஈசாக்கின் வேலையாட்கள் தோண்டிய முதல் கிணற்றிலும் சண்டை, இரண்டாவதிலும் சண்டை. மூன்றாவதில்தான் இடம் கிடைத்தது என்று ஆதியாகமம் 26ஆம் அதிகாரம் கூறுகிறது. நாம் மூன்று கிணறு தோண்டச் செம்மண் இடந்தராது. எந்தக் கிழமை யாருடைய இறைப்பு முறை, கோடையில் நீர் வற்றினால் யாருடைய பயிர் குறைக்கப்படும், மின்சாரப் பட்டியலை எப்படிப் பகிர்வது என்பவற்றைத் தண்ணீர் நிறைந்திருக்கும் மாரியிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இனி எழுத்து. கூடப்பிறந்தவர்களுக்குள் எழுத்து வைத்தால் பாசம் போய்விடும் என்று நம் தாய்மார் அஞ்சுகிறார்கள். எரேமியாஸ் ஆகமம் 32ஆம் அதிகாரம் இவர்களுக்காகவே எழுதப்பட்டதோ என்று தோன்றும். பபிலோனியரின் படை யெருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது. இறைவாக்கினர் காவற்கூடத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது அவருடைய தந்தையின் சகோதரன் மகன் வந்து, அனாத்தோத்து ஊரிலுள்ள தன் வயலை வாங்கும்படி கேட்கிறான். இனத்தவர் என்ற முறையில் மீட்கும் உரிமை அவருக்கே இருந்தது. உலகமே அழிகிற நேரத்தில், உறவினன்தானே என்று வாய்ச்சொல்லோடு விட்டிருக்கலாம். அவரோ பதினேழு வெள்ளிக் காசைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். உறுதி எழுதிக் கையொப்பமிடுகிறார். சாட்சிகளை வைக்கிறார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் மண் பாண்டத்தில் இட்டு நெடுநாள் பேணும்படி பாரூக்கிடம் ஒப்புவிக்கிறார். இவை இறைவனின் கட்டளைப்படி நடந்தவை. 1995இல் வலிகாமத்தை விட்டு ஓடியவர்களும், 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் இழந்தவர்களும் அந்த மண் பாண்டத்தின் பெறுமதியை நன்கு அறிவார்கள். உறுதி தொலைந்தபின் காணியை நிறுவ அலைந்த அலைச்சலை அவர்களிடம் கேளுங்கள்.

நாட்டுச் சட்டமும் எழுத்தையே கேட்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, காணியை விற்பதும் ஈடுவைப்பதும் நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட முதலோடு தொடங்கும் கூட்டு வியாபாரத்துக்கும் எழுத்து வேண்டுமென்று அதே சட்டம் சொல்கிறது. இன்று ஆயிரம் ரூபாயில் எந்தக் கமம் தொடங்கும்? வாய்ப்பேச்சோடு நடக்கிற நமது கூட்டுக் கமங்கள் வழக்கென்று வந்தால் நிற்பதற்குக் கால் இல்லாதவை. உடன்பங்காளி ஒருவர் விரும்பினால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பிரிவினை வழக்குத் தொடுக்கலாம். கிணறு வெட்டியது யார், வீடு கட்டியது யார், மரம் வைத்தது யார் என்றெல்லாம் அப்போது கேட்கப்படும். கொப்பி வைத்திருப்பவன் பதில் சொல்வான், மற்றவன் சத்தியம் பண்ணுவான்.

நமது தேசவழமையும் இதை அறியாததல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை அதனை எழுத்தில் தொகுத்தபோது, ஒருவன் நிலத்தில் மற்றவன் மரம் நாட்டினால் பலனை எவ்வாறு பங்கிடுவது என்பதும் அதில் இடம்பெற்றது. பங்கை விற்க விரும்புபவன் முதலில் உடன்பங்காளிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்பதும் தேசவழமை. ரூத் ஆகமத்தில் ஊர் வாசலில் பத்து மூப்பர்களை இருத்தி, நெருங்கிய உறவினனுக்கு முதலிடம் கொடுத்துப் பேசிய போவாசின் நடைமுறைக்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம்! இவ்வளவு நல்ல வழமை இருக்க, பிறத்தியானுக்கு இரகசியமாக விற்றுவிட்டுப் பின் நீதிமன்றப் படியேறுவது நமக்கு அழகா?

சேர்ந்தவர்கள் ஒருநாள் பிரியவும் நேரும். பிள்ளைகள் வளர்வார்கள், தேவைகள் பெருகும். பிரிவது பாவமல்ல. ஆபிரகாமும் லோத்தும் பிரிந்தார்கள். அவர்களுக்குள் அல்ல, அவர்களுடைய மேய்ப்பருக்குள்ளேதான் முதலில் சண்டை மூண்டது. நம் வீடுகளிலும் அப்படித்தான், பெரியவர்கள் பேசுமுன் சிறியவர்கள் முறைத்துக்கொள்வார்கள். ஆபிரகாம் மூத்தவர், பெறாமகனுக்குத் தகப்பன் முறை. ஆயினும் முதலில் தெரியும் உரிமையை இளையவனுக்கே விட்டார். இதிலிருந்து ஒரு முறையை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் பாகம் பிரிக்கட்டும், மற்றவர் முதலில் தெரியட்டும். பிரிப்பவரின் கை தானாகவே நேராகிவிடும்! பயிர் நிற்கையில் எவரும் விலகலாகாது, அறுவடை முடியவே விலகவேண்டும். விலகுபவரின் பங்குக்கு ஊரறிந்த இருவர் விலை மதிக்கட்டும். அதைப் போகத்துக்குப் போகம் தவணையாகக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால், தங்குபவன் கடனில் மூழ்கமாட்டான், போகிறவனும் வெறுங்கையோடு போகமாட்டான்.

பாப்பரசர் 23ஆம் அருளப்பர் வாரத்துக்குப் பயிரிட்ட ஓர் ஏழைக் கமக்காரனின் மகன். 1961இல் வெளியிட்ட 'தாயும் ஆசிரியையும்' என்னும் சுற்றுமடலில் குடும்பக் கமத்தைப் பற்றி விரிவாகவே பேசினார். அதில் உழைப்பவர்கள் மானத்தோடு வாழத்தக்க வருவாய் அதிலிருந்து கிடைக்கவேண்டும் என்றும், கமக்காரர் ஒருவரோடொருவர் கூட்டுறவாக இணையவேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். குடும்பமாகச் சேர்ந்து கமம் செய்வதைத் திருச்சபை மதிக்கிறது. ஆனால் அந்த மதிப்பு ஒருவனுடைய முதுகில் மற்றவர்கள் உண்பதற்கல்ல.

ஆகவே, அடுத்த நடுகைக்கு முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். அம்மா அங்கே இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் தொலைபேசியிலாவது கூட இருக்கட்டும். அக்கா தங்கச்சிமாரை அடுப்படிக்கு அனுப்பிவிட்டுப் பேசாதீர்கள், பாயில் அவர்களுக்கும் இடம் வேண்டும். செபமாலை முடித்துவிட்டுத் தொடங்கினால் நல்லது, குரல் உயராது. உறுதிகளை எடுத்து வைத்து யாருக்கு எத்தனை பரப்பு என்பதை எழுதுங்கள். பிறகு கிணற்று முறை, நாட்கூலி, மெசின் வாடகை, நட்டம், விலகல். எல்லோரும் ஒப்பாமல் பொதுக் காணியையோ பயிரையோ எவரும் ஈடுவைக்கலாகாது என்பதையும் சேருங்கள். ஒவ்வொரு போகத்துக்கும் கணக்கு வாசிக்கும் நாளைக் குறியுங்கள். காணி உரிமையில் மாற்றம் எதுவும் இருந்தால் நொத்தாரிசிடம் போங்கள், மற்றவற்றுக்கு எல்லோரும் கையொப்பமிட்ட தாள் வேண்டும். பிரதி மூன்று எடுங்கள். ஒன்று தோட்டம் செய்பவனிடம், ஒன்று கடல் கடந்திருப்பவனிடம். மூன்றாவது கட்டாயமாகத் தங்கச்சியின் பெட்டகத்தில் இருக்கட்டும்.